நிழற்படங்களும் திறந்த உரிமங்களும்: கிள்ளான் வட்டாரத் தமிழர் வாழ்வியல் படங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசியத் தமிழர் வாழ்வியல் குறித்து எழுதப்படும் ஆய்வேடுகளிலும், ஆலயக் குடமுழுக்கு மலர்களிலும், தமிழ்ப்பள்ளி ஆண்டிதழ்களிலும் நிழற்படங்கள் மிகுதியாக இடம்பெறுகின்றன. ஆயினும், அப்படங்களுள் பலவற்றின் கீழ் எடுத்தவர் பெயரோ, எடுக்கப்பட்ட ஆண்டோ, வெளியிடுவதற்குப் பெற்ற இசைவோ குறிக்கப்படுவதில்லை. ‘நன்றி: இணையம்’ என்னும் இரு சொற்களே போதும் என்று கருதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது.

இதன் மறுபுறமும் உண்டு. தாம் எடுத்த படங்களைப் பிறர் பயன்படுத்தினால் மகிழ்ச்சியே கொள்ளும் ஆசிரியர்களும் ஆலயப் பொறுப்பாளர்களும் நம்மிடையே பலர் உள்ளனர். கேட்டால் கொடுப்பர். ஆனால், கேட்பவர் அவரை அறிந்திருக்க வேண்டும். அவரும் உயிரோடு இருக்க வேண்டும். அவர் மறைந்தபின் அப்படங்களை வெளியிட விரும்பும் ஆய்வாளர் யாரிடம் இசைவு பெறுவது? பிள்ளைகள் பல ஊர்களில் இருப்பர். சிலர் வெளிநாடுகளில் இருப்பர். கொடுக்கும் மனம் கொண்டிருந்தவரின் படங்களே யாரும் முறையாகப் பயன்படுத்த இயலாத படங்களாகிவிடுகின்றன. மனத்தில் இருந்த விருப்பம் எழுத்தில் இல்லாமற்போனதே இதற்குக் காரணம்.

அவ்விருப்பத்தை எழுத்தில் வைக்கும் எளிய கருவியே திறந்த உரிமம். ஒரு படத்தின் உரிமை மலேசியச் சட்டப்படி யாருக்குரியது, திறந்த உரிமம் என்பது யாது, எந்த உரிமம் எந்நோக்கத்திற்குப் பொருந்தும், உரிமத்தால் தீராத சிக்கல்கள் எவை என்னும் நான்கு வினாக்களுக்கு விடைகாண இக்கட்டுரை முற்படுகிறது. விளக்கத்திற்குரிய களமாகப் பண்டமாரானும் அதைச் சூழ்ந்த கிள்ளான் வட்டாரமும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

படங்களின் களம்

பண்டமாரான், கிள்ளான் நகருக்கும் கிள்ளான் துறைமுகத்திற்கும் இடையே அமைந்த குடியிருப்புப் பகுதி. அவசரகாலத்தின்போது (1948–1960) உருவாக்கப்பட்ட புதுக்கிராமங்களுள் ஒன்று இங்குள்ளது. 1901ஆம் ஆண்டு சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்னும் பெயரில் திறக்கப்பட்டு, 1972ஆம் ஆண்டு கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்ற துறைமுகம் ஒருபுறம்; இரப்பர்த் தோட்டங்களும் பின்னர் செம்பனைத் தோட்டங்களும் சூழ்ந்த கிள்ளான் நிலப்பகுதி மறுபுறம். துறைமுகத் தொழிலாளர், தோட்டத் தொழிலாளர் என்னும் இருசாரார் வாழ்வும் சந்தித்த வட்டாரம் இது. 1892ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்ட கிள்ளான் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் ஆலயம் இவ்வட்டாரத் தமிழர் குடியேற்றத்தின் பழைமைக்குச் சான்றாக நிற்கிறது.

இவ்வட்டாரத்தின் மாற்றத்தை அறியத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களை நோக்கினாலே போதும். ஹைலண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஜாலான் ஆக்கோப் தோட்டத் தமிழ்ப்பள்ளி, புக்கிட் ராஜா தோட்டத் தமிழ்ப்பள்ளி என்னும் பெயர்களில் தோட்டம் இன்னும் வாழ்கிறது. ஆனால், கிள்ளான் வட்டாரத்துத் தோட்ட நிலங்களின் பெரும்பகுதி இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டது. லயன் வீடுகள், பால் நிறுக்கும் கொட்டகை, தோட்டத்து மாரியம்மன் கோயில், சம்பள நாளன்று கூடும் சந்தை ஆகியவற்றை இன்றைய மாணவர் படத்தில்தான் காண முடியும். அப்படமோ ஏதேனும் ஒரு குடும்பத்தின் தகரப் பெட்டியிலோ பழைய படத்தொகுப்பிலோ இருக்கிறது.

இவ்வட்டாரத்தின் வரலாற்றில் 1941ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தங்கள் குறிப்பிடத்தக்கவை. ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டதைத் தொடர்ந்து அவ்வாண்டு மே மாதத்தில் போராட்டம் தீவிரமடைந்தது; படையினர் சுட்டதில் தொழிலாளர் உயிரிழந்தனர். இந்நிகழ்வை ஆராய்ந்தோர் பெரிதும் சார்ந்திருப்பது ஆட்சியாளர் எழுதிவைத்த கோப்புகளையும் அக்கால நாளிதழ்களையுமே. தொழிலாளர் தம் வாழ்வைத் தாமே பதிந்துவைக்கும் வாய்ப்பு அன்று அரிது. இன்று ஒவ்வொருவர் கையிலும் படமெடுக்கும் கைத்தொலைபேசி உள்ளது. ஆயினும், எடுக்கப்படும் படங்கள் புலனக் குழுக்களில் சில நாள்கள் சுற்றிவந்து, தொலைபேசி மாறும்போது மறைந்துவிடுகின்றன. அன்று படம் அரிதாக இருந்தது. இன்று படம் பெருகியும் ஆவணம் அரிதாகவே இருக்கிறது.

படத்தின் உரிமை யாருக்குரியது?

மலேசியாவில் பதிப்புரிமையை நெறிப்படுத்துவது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் (சட்டம் 332). இச்சட்டம் நிழற்படத்தைக் கலைப்படைப்பாகக் கொள்கிறது. பதிப்புரிமை பெறப் பதிவு எதுவும் தேவையில்லை. படம் எடுக்கப்பட்டவுடன் உரிமை தானாகவே தோன்றுகிறது. மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் 2012ஆம் ஆண்டு முதல் விருப்ப அறிவிப்பு முறை நடைமுறையில் உள்ளது. எனினும் அது சான்றுக்கு உதவுவதேயன்றி உரிமை பெறுவதற்கான நிபந்தனை அன்று. மலேசியா 1990ஆம் ஆண்டு பெர்ன் உடன்படிக்கையில் இணைந்தமையால், பிற உறுப்பு நாடுகளில் எடுக்கப்பட்ட படங்களுக்கும் இங்குப் பாதுகாப்பு உண்டு. ஆகவே, பதிப்புரிமைக் குறி இல்லாத படம் உரிமையற்ற படம் என்று கருதுவது தவறாகும்.

கலைப்படைப்புகளுக்கான பொதுவிதி, படைத்தவரின் வாழ்நாளும் அவர் மறைவுக்குப்பின் 50 ஆண்டுகளும் ஆகும். பெயர் அறியப்படாதவரின் படைப்பாயின், வெளியிடப்பட்டதை அடிப்படையாகக் கொண்டு 50 ஆண்டுகள் கணக்கிடப்படும். 1980ஆம் ஆண்டு மறைந்த ஒருவரின் கலைப்படைப்பு இப்பொதுவிதியின்படி 2030ஆம் ஆண்டு இறுதிவரை பாதுகாக்கப்படும் என்பதை நினைத்துப் பார்த்தால், இக்காலத்தின் நீளம் விளங்கும்.

இங்கு மூன்று வேறுபாடுகளை நாம் தெளிவாக உணர்தல் வேண்டும். முதலாவது, படத்தாளின் உடைமை வேறு, படத்தின் பதிப்புரிமை வேறு. ஒரு படத்தைப் பெட்டியில் வைத்திருப்பவர் அத்தாளுக்கு உரியவர். அதனாலேயே பதிப்புரிமைக்கு உரியவராகார். பழைய படத்தை வருடியில் இட்டு மின்வடிவாக்கியவரும் அச்செயலால் மட்டும் அதன் ஆசிரியர் ஆகிவிடமாட்டார்.

இரண்டாவது, படமெடுத்தவர் எப்போதும் உரிமையாளர் அல்லர். சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, பிறர் வேண்டிக்கொண்டதற்கிணங்க உருவாக்கப்பட்ட படைப்பின் உரிமை வேண்டிக்கொண்டவரைச் சாரும். பணியின் பகுதியாக உருவாக்கப்பட்ட படைப்பின் உரிமை பணியளித்தவரைச் சாரும். கிள்ளானில் ஒரு குடும்பம் படநிலையத்திற்குப் பணம் கொடுத்து எடுத்துக்கொண்ட திருமணப் படத்தின் உரிமை, வேறு உடன்பாடு இல்லையெனில், அக்குடும்பத்தில் படத்தை எடுக்கச் சொன்னவருக்கே உரியது. பள்ளி விளையாட்டுப் போட்டியில் பணியின் பேரில் படமெடுத்த ஆசிரியர், ‘நான் எடுத்தது, ஆகவே நானே உரிமம் அளிப்பேன்’ என்று கூறிவிட இயலாது. விடுமுறை நாளில் தம் சொந்த ஆர்வத்தால் பண்டமாரான் தெருக்களில் எடுத்த படத்திற்கு அவரே உரிமையாளர். உரிமம் அளிக்குமுன் கேட்க வேண்டிய முதல் வினா இதுவே.

மூன்றாவது, பொதுமக்கள் பார்வைக்குரிய இடத்தில் நிலையாக அமைந்த கலைப்படைப்புகளைப் படமெடுத்துப் பரப்புவதற்குச் சட்டம் இடமளிக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் தோரண வாயிலையோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் முகப்பையோ ஒரு கோபுரத்தின் வெளிச் சுதைச் சிற்பத்தையோ படமெடுப்பதில் பதிப்புரிமைச் சிக்கல் பொதுவாக எழாது. கருவறையில் படமெடுக்கலாகாது என்பது ஆலய மரபையும் நிருவாகத்தின் விதியையும் சார்ந்தது. அதனை மதிப்பது நம் கடமை.

வகுப்பறையில் பாடவிளக்கத்திற்காக நியாயமான அளவில், மூலத்தையும் ஆசிரியரையும் குறிப்பிட்டுப் படைப்பொன்றைக் காட்டுவதற்கும், ஆய்வுக்கும் திறனாய்வுக்கும் பயன்படுத்துவதற்கும் சட்டத்தில் விலக்குகள் உள்ளன. ஆனால், அதே படத்தை விலைக்கு விற்கும் பயிற்சி நூலில் அச்சிடுவதோ அகப்பக்கத்தில் நிலையாக ஏற்றுவதோ இவ்விலக்குகளுள் அடங்கும் என்று உறுதியாகக் கூற இயலாது. தமிழாசிரியர்கள் அறியாமலேயே எல்லை தாண்டும் இடம் இதுவாகும்.

திறந்த உரிமம் என்பது யாது?

உரிமையைத் துறக்காமல் பயன்பாட்டைப் பொதுவாக்குதலே திறந்த உரிமத்தின் அடிப்படை. தமிழர்க்கு இக்கருத்து புதியதன்று. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசு பெற்றதும், பின்னர் அவை பொதுமக்களுக்கு உரியவை ஆக்கப்பட்டதும் நாம் அறிந்தவை. அதன் பயனாகவே மலிவுப் பதிப்புகள் பெருகின. நாட்டுடைமையாக்கத்திற்கு ஓர் அரசு வேண்டும். பெரும்பாலும் அது படைப்பாளியின் மறைவுக்குப் பின்னரே நிகழ்கிறது. திறந்த உரிமத்தையோ தனிமனிதர் ஒருவர் தம் வாழ்நாளிலேயே, தாம் விரும்பும் நிபந்தனைகளோடு, செலவின்றி வழங்கலாம்.

இவ்வகை உரிமங்களுள் பரவலாக வழங்குபவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள். தமிழில் இவற்றைப் படைப்பாக்கப் பொதும உரிமங்கள் என்பர். லாரன்ஸ் லெசிக் முதலியோர் 2001ஆம் ஆண்டு தொடங்கிய கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு, 2002ஆம் ஆண்டு டிசம்பரில் முதல் உரிமங்களை வெளியிட்டது. மலேசியச் சட்டத்திற்கு ஏற்ப அமைந்த 2.5 பதிப்பும் உண்டு. 2013ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த 4.0 பதிப்பு நாடுதோறும் தனித்தனியே மாற்றியமைக்க வேண்டாத அனைத்துலகப் பதிப்பாகும். புதிதாக உரிமம் அளிப்போர் இதனையே பயன்படுத்துதல் நன்று.

இவ்வுரிமங்கள் நான்கு கூறுகளால் ஆனவை. ‘குறிப்பிடுதல்’ என்பது படைத்தவரின் பெயரைச் சுட்டுதல். ஆறு உரிமங்களிலும் இக்கூறு உண்டு. ‘அதேமாதிரிப் பகிர்தல்’ என்பது, படத்தை மாற்றி அமைத்து வெளியிடுபவர் தம் படைப்பையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பது. ‘வணிக நோக்கமின்மை’ என்பது, பயன்பாடு முதன்மையாக வணிக ஆதாயத்தை நோக்கியதாக இருத்தலாகாது என்பது. ‘மாற்றமின்மை’ என்பது, படத்தை மாற்றி அமைத்த வடிவங்களைப் பகிரலாகாது என்பது. இவற்றின் சேர்க்கையால் ஆறு உரிமங்கள் அமைகின்றன: குறிப்பிடுதல் மட்டும், குறிப்பிடுதலும் அதேமாதிரிப் பகிர்தலும், குறிப்பிடுதலும் வணிக நோக்கமின்மையும், குறிப்பிடுதலும் வணிக நோக்கமின்மையும் அதேமாதிரிப் பகிர்தலும், குறிப்பிடுதலும் மாற்றமின்மையும், குறிப்பிடுதலும் வணிக நோக்கமின்மையும் மாற்றமின்மையும். இவற்றிற்குப் புறம்பாக, எல்லா உரிமைகளையும் இயன்றவரை துறந்துவிடும் ‘சிசி சுழியம்’ என்னும் ஆவணமும் 2009ஆம் ஆண்டு முதல் உள்ளது.

இரு செய்திகளை இங்கு வலியுறுத்த வேண்டும். ஒன்று, இவ்வுரிமங்கள் மீட்டுக்கொள்ள இயலாதவை. உரிமம் அளித்தவர் பின்னாளில் மனம் மாறித் தம் அகப்பக்கத்திலிருந்து படத்தை நீக்கலாம். ஆனால், முன்னரே உரிமத்தின் கீழ்ப் படத்தைப் பெற்றவரின் உரிமை நீங்காது. ஆகவே, ஆய்ந்து முடிவெடுத்தல் இன்றியமையாதது. மற்றொன்று, நிபந்தனையை மீறுபவரின் உரிமம் தானாகவே முடிவுறுகிறது. 4.0 பதிப்பின்படி, தவற்றை அறிந்த 30 நாள்களுக்குள் திருத்திக்கொண்டால் உரிமம் மீண்டும் உயிர்பெறும். பெயரை விட்டுவிட்ட ஆண்டிதழ் ஒன்று பகையின்றித் திருத்திக்கொள்ள இது வழிசெய்கிறது.

தமிழுலகின் பட்டறிவு

திறந்த பகிர்வின் பயனைத் தமிழுலகம் ஏற்கெனவே கண்டுள்ளது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் உள்ள தமிழர் தன்னார்வத்தால் மின்வடிவில் கிடைக்கச் செய்தது. 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, 2009ஆம் ஆண்டு முதல் படைப்பாக்கப் பொதும உரிமத்தைப் பின்பற்றுகிறது. 2011ஆம் ஆண்டு இறுதியிலும் 2012ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் நடைபெற்ற தமிழ் விக்கி ஊடகப் போட்டி, தமிழர் வாழ்வு சார்ந்த ஆயிரக்கணக்கான படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் சேர்த்தது. 2013ஆம் ஆண்டு தொடங்கிய கட்டற்ற தமிழ் மின்னூல் திட்டம், சமகால எழுத்தாளர்களின் நூல்களை அவர்கள் இசைவுடன் இவ்வுரிமங்களில் வெளியிட்டு வருகிறது.

இலங்கையில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத் திட்டம் நமக்கு மேலும் ஒரு பாடத்தை உணர்த்துகிறது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகளும் அழிந்தன. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் ஆவணம் ஒரே நாளில் அழியக்கூடியது. பல கைகளில் பல படிகளாக இருக்கும் ஆவணத்திற்கு அந்நிலை இல்லை. ஆனால், படியெடுக்கும் உரிமை இருந்தாலன்றோ பலர் படியெடுத்து வைக்க இயலும்? திறந்த உரிமம் பகிர்வுக்கு மட்டுமன்றிப் பாதுகாப்புக்கும் கருவியாவது இதனாலேயே.

நிழற்படத்தைப் பொறுத்தவரை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பணி குறிப்பிடத்தக்கது. பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டுப் பழைய படநிலையங்களில் எடுக்கப்பட்ட குடும்பப் படங்களை அந்நிறுவனத்தைச் சார்ந்தோர் மின்வடிவாக்கினர். கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் ஆகிய இடங்களில் இயங்கிய படநிலையங்களின் படச்சுருள்களையும் அவ்வாறு தேடித் தொகுக்கும் பணி நம் பல்கலைக்கழக மாணவர்க்கு ஏற்றதோர் ஆய்வுக்களமாக அமையும்.

எந்த உரிமத்தைத் தேர்வது?

நம்மவரிடம் உரிமத்தைப் பற்றி விளக்கும்போது உடனே எழும் கேள்வி, ‘என் படத்தை வைத்து வேறொருவர் பணம் பண்ணிவிட்டால்?’ என்பதாகும். இவ்வச்சம் இயல்பானதே. ஆதலின் பலரும் வணிக நோக்கமின்மைக் கூற்றையே முதலில் நாடுகின்றனர். அதன் விளைவுகளையும் அறிந்தே நாடுதல் வேண்டும். விக்கிமீடியா பொதுவகம் வணிக நோக்கமின்மை, மாற்றமின்மை ஆகிய இரு கூறுகளையும் உடைய படங்களை ஏற்பதில்லை. அவ்வாறே, தமிழ்ப்பள்ளிக்கெனச் சிற்றளவில் நூல் அச்சிடும் பதிப்பகமும் வணிக நிறுவனமே. அதுவும் அப்படத்தைத் தனி இசைவின்றிப் பயன்படுத்த இயலாது. பெருநிறுவனத்தைத் தடுக்க இட்ட வேலி, நாம் உதவ விரும்பும் சிறு பதிப்பகத்தையும் தடுத்துவிடுகிறது.

வணிக நோக்கம் என்பதன் எல்லையும் எப்போதும் தெளிவாக இல்லை. அமெரிக்காவில் ‘கிரேட் மைண்ட்ஸ்’ என்னும் கல்வி அமைப்பு, தன் பாடப்பொருளை வணிக நோக்கமின்மை உரிமத்தில் வெளியிட்டிருந்தது. பள்ளிகளுக்காகக் கட்டணம் பெற்று அதனை நகலெடுத்துக் கொடுத்த ஃபெடெக்ஸ் ஆபீஸ் நிறுவனத்தின்மீது அது வழக்குத் தொடுத்தது. 2018ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை; பள்ளியின் பயன்பாடு வணிகம் சாராதது, நகலெடுத்த கடை பள்ளிக்காகச் செயற்பட்டதே என்று முடிவு கூறியது. நகலகங்களை நாள்தோறும் நாடும் நம் ஆசிரியர்க்கு இது ஆறுதலளிக்கும் தீர்ப்பு. ஆயினும், அது மலேசிய நீதிமன்றத் தீர்ப்பன்று என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முற்றிலும் உரிமை துறப்பதும் சில வேளைகளில் எதிர்பாராத விளைவைத் தரும். கேரல் ஹைஸ்மித் என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர் தம் படங்களைப் பொதுமக்கள் பயன்பாட்டிற்காக அந்நாட்டுக் காங்கிரசு நூலகத்திற்கு வழங்கியிருந்தார். அவர் எடுத்த படத்தை அவருடைய அறநிறுவனத்தின் அகப்பக்கத்தில் பயன்படுத்தியதற்கே 120 டாலர் செலுத்துமாறு அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் 2016ஆம் ஆண்டு கெட்டி நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில் அவருடைய பதிப்புரிமை சார்ந்த கோரிக்கைகள் அதே ஆண்டு தள்ளுபடியாயின. பொதுக் களத்திற்கு வந்துவிட்ட படத்தை விற்பதைத் தடுக்கப் படைத்தவரிடம் உரிமை எஞ்சுவதில்லை.

இவற்றை நோக்க, ஆசிரியர் ஒருவர் தாமே எடுத்த தெருக்காட்சி, கட்டடம், விழா ஆகியவற்றின் படங்களுக்குக் ‘குறிப்பிடுதலும் அதேமாதிரிப் பகிர்தலும்’ என்னும் உரிமம் பொருத்தமானது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. படைத்தவர் பெயர் நிலைக்கிறது. படத்தை மாற்றிப் புதுப் படைப்பாக்குபவர் அதனையும் பொதுவாகவே வைக்க வேண்டியுள்ளது. தமிழ் விக்கிப்பீடியாவும் பதிப்பகமும் பள்ளியும் அதனைப் பயன்படுத்த இயலும். குடும்பப் படங்களுக்கு இம்முடிவு பொருந்தாது; அதன் காரணம் அடுத்துக் கூறப்படுகிறது.

உரிமத்தால் தீராத சிக்கல்கள்

திறந்த உரிமம் படமெடுத்தவரின் பதிப்புரிமையைப் பற்றியது மட்டுமே. படத்தில் இருப்பவரின் இசைவை அது வழங்குவதில்லை. இதனைத் தெளிவாக்கிய நிகழ்வு 2007ஆம் ஆண்டு நடந்தது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு சிறுமியின் படத்தை அவருக்கு அறிமுகமான ஒருவர் எடுத்து, ஃபிளிக்கர் தளத்தில் குறிப்பிடுதல் உரிமத்தின்கீழ் இட்டார். ஆஸ்திரேலியாவில் விர்ஜின் மொபைல் நிறுவனம் அப்படத்தைக் கேலித்தொனி கொண்ட விளம்பரமொன்றில் பயன்படுத்தியது. வணிகப் பயன்பாட்டிற்கு உரிமம் இடமளித்தது. ஆனால், சிறுமியையோ பெற்றோரையோ யாரும் கேட்கவில்லை. குடும்பத்தார் தொடுத்த வழக்கு, அந்நிறுவனத்தின்மீது டெக்சஸ் நீதிமன்றத்திற்கு ஆள்வரை அதிகாரம் இல்லை என்னும் காரணத்தால் 2009ஆம் ஆண்டு தள்ளுபடியானது.

இதனை நம் சூழலில் பொருத்திப் பார்ப்போம். பண்டமாரானில் வாழும் ஆசிரியர் ஒருவர், தைப்பூசத்தன்று அலகு குத்திய பக்தரையும் அருகில் அழுதுகொண்டு நின்ற சிறுவனையும் படமெடுத்தார் எனக் கொள்வோம். படம் சிறப்பாக அமைந்துள்ளது. அதனைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டால், அச்சிறுவனின் முகம் எந்நாட்டில், எந்நூலில், எத்தலைப்பின்கீழ் இடம்பெறும் என்பதை யாரும் கூற இயலாது. உரிமத்தை மீட்டுக்கொள்ளவும் இயலாது. பக்தரிடம் பேசி இசைவு பெறலாம். சிறுவனுக்காகப் பெற்றோரின் இசைவைப் பெறலாம். பெற இயலாதவிடத்து முகம் தெரியாத படத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மாணவர் முகம் தெளிவாகத் தெரியும் பள்ளிப் படங்களைத் திறந்த உரிமத்தில் வெளியிடாதிருத்தலே பொதுவிதியாக அமைதல் நலம்.

பழைய தோட்டப் படங்களில் வேறொரு சிக்கல் உண்டு. வறுமையில் எடுக்கப்பட்ட படத்தைச் சிலர் பெருமையாகக் கருதுவர். சிலர் அதனைப் பிறர் காண விரும்பார். படத்தில் உள்ளவர் மறைந்துவிட்டிருந்தாலும், அவர்தம் பிள்ளைகளைக் கேட்டபின் வெளியிடுதலே பண்பு. சட்டம் அதனைக் கட்டாயமாக்குகிறதா என்பதைவிட, அடுத்த வீட்டுக் கதவு நமக்குத் திறக்குமா என்பதே களஆய்வாளர்க்குப் பெரிய வினா. ஒரு குடும்பத்தின் நம்பிக்கையை இழந்தால், அத்தெருவின் பெட்டிகள் அனைத்தும் மூடிக்கொள்ளும். ஆகவே, குடும்பப் படங்களுக்கு வணிக நோக்கமின்மை உரிமத்தையோ, ஆய்வாளர் மட்டும் காணும் வரையறுத்த இசைவையோ குடும்பத்தார் விரும்பினால், அதனை ஏற்பதே முறை.

நடைமுறை நெறிகள்

உரிமம் அளிக்க எண்ணும் ஆசிரியர்க்கும் நிறுவனங்களுக்கும் பயன்படும் சில நெறிகளைக் காண்போம்.

முதலில், படத்தின் உரிமையாளர் யார் என்பதை உறுதிசெய்தல் வேண்டும். உரிமையாளர் வேறொருவராயின், ஒரு பக்க அளவிலான இசைவுக் கடிதம் போதுமானது. படத்தின் விவரம், உரிமத்தின் முழுப்பெயரும் பதிப்பு எண்ணும், ‘இவ்வுரிமம் மீட்டுக்கொள்ள இயலாதது என்பதை அறிவேன்’ என்னும் வாசகம், கையொப்பம், நாள் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். முதியவரிடம் கடிதத்தைப் படித்துக் காட்டி, அவருக்கு விளங்கும் மொழியில் பொருள் கூறியபின்னரே கையொப்பம் பெறுதல் வேண்டும்.

இரண்டாவதாக, படத்தைத் தக்க தரத்தில் மின்வடிவாக்குதல் வேண்டும். சிறிய படத்தாள்களை அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்னும் அளவில் வருடுவது மறுஅச்சுக்குப் போதுமானது. முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் வருடுதல் நலம். படநிலைய முத்திரையும் கையெழுத்துக் குறிப்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். புலனத்தில் அனுப்பிய படம் அளவு குறைக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால் மூலக் கோப்பையே பெறுதல் வேண்டும்.

மூன்றாவதாக, படத்திற்குத் தமிழில் விளக்கம் எழுதுதல் வேண்டும். இடம், ஆண்டு, நிகழ்வு, படத்தில் காணும் பொருள்களின் பெயர்கள் ஆகியவை இன்றியமையாதவை. உளி, பால்வாளி, காண்டாக்கம்பு, மங்கு முதலிய தோட்டத்துச் சொற்களை அறிந்த தலைமுறை குறைந்து வருகிறது. படத்தோடு சொல்லும் சேர்ந்து பதிவாகுமாயின் அது மொழிக்கும் ஆவணமாகும்.

நான்காவதாக, உரிமத்தைப் படத்தோடு சேர்த்தே குறித்தல் வேண்டும். பிறர் படத்தைப் பயன்படுத்தும்போது தலைப்பு, ஆசிரியர், மூலம், உரிமம் என்னும் நான்கையும் தருவது நல்ல வழக்கம். சான்றாக, ‘பண்டமாரான் காலைச் சந்தை, படம்: (எடுத்தவர் பெயர்), மூலம்: விக்கிமீடியா பொதுவகம், உரிமம்: சிசி குறிப்பிடுதல்–அதேமாதிரிப் பகிர்தல் 4.0’ என எழுதலாம். படத்தை வெட்டியோ நிறம் மாற்றியோ இருந்தால் அதனையும் சுட்ட வேண்டும். ‘நன்றி: இணையம்’ என்பது இந்நான்கில் ஒன்றைக்கூட நிறைவு செய்யவில்லை.

முடிவுரை

1966ஆம் ஆண்டு ஏப்ரலில், தனிநாயக அடிகளாரின் பெருமுயற்சியால், முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. அம்மாநாட்டின் கட்டுரைகள் தொகுதிகளாக வெளிவந்தமையால் இன்றும் நாம் அவற்றை மேற்கோள் காட்டுகிறோம். எழுத்தை ஆவணமாகப் போற்றும் மரபு நம்மிடம் உறுதியாக உள்ளது. படத்தையும் அவ்வாறே ஆசிரியர் பெயரோடும் ஆண்டோடும் உரிமக் குறிப்போடும் போற்றும் மரபு இனிதான் உருவாக வேண்டும்.

அதனைத் தொடங்குவதற்குப் பெரும் பொருட்செலவோ புதுச்சட்டமோ தேவையில்லை. தமிழ்ப்பள்ளி ஒன்று தன் ஆண்டிதழில் வரும் ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவர் பெயரை இடலாம். இந்திய ஆய்வியல் துறை மாணவர் தம் ஆய்வேட்டிற்காகத் தொகுத்த படங்களின் இசைவுக் கடிதங்களைப் பின்னிணைப்பாகச் சேர்க்கலாம். பண்டமாரானில் ஒரு மூதாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டப்படும் படத்தை நோக்கும் ஆசிரியர், ‘பாட்டி, இதை மற்றவர்களும் பயன்படுத்தலாமா?’ என்று கேட்டு, அவர் விடையை எழுதி வாங்கலாம். அவர் ‘வேண்டாம்’ என்றால் அதுவும் பதிவு செய்யப்பட வேண்டிய விடையே. அவர் ‘ஆகட்டும்’ என்றால், அச்சொல் எழுத்தில் இருக்கும்வரை, அவருக்குப் பின்னும் அப்படத்தை நம் மாணவர் தயக்கமின்றிப் பயன்படுத்துவர்.